பெற்றவளுக்கும் பாஸ் வேண்டும்!

பிரசவமான வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பில் பூண்டுக் குழம்பு கொதிக்கும். கொடி நிறையச் சின்னச் சின்னத் துணிகள் காயும். "தலை நிற்காத குழந்தை, பார்த்துத் தூக்கு" என்று பாட்டி நிமிஷத்துக்கு ஒரு தரம் எச்சரிப்பாள். நடு ராத்திரியில் 'வீல்' என்று கிளம்பும் ஒரு குரல் வீட்டையே எழுப்பி உட்கார வைத்து விடும். தூக்கம் போயிற்றே என்று எல்லோரும் அலுத்துக் கொள்வார்கள். உள்ளூர ஒருவருக்கும் வருத்தம் இராது.

இப்போது வேறொரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பெற்றவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து விட்டாள். பத்தியச் சமையல் ஆகி விட்டது. தொட்டில் கட்ட வேண்டிய கொக்கி மட்டும் சும்மா தொங்குகிறது. கொடியில் குழந்தைத் துணிகள் இல்லை. வீட்டார் துவைத்துப் போட்ட முகக் கவசங்கள் வரிசையாகக் காய்கின்றன. குழந்தை எங்கே? ஆறு மைலுக்கு அப்பால், ஆஸ்பத்திரியில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

2020-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் நம் நகரங்களில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். கொள்ளை நோய் ஓயட்டும் என்று குறை மாதக் குழந்தைகள் காத்திருப்பதில்லை அல்லவா? 2020-இல் மட்டும் உலகத்தில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்து விட்டன. அவற்றில் ஏறக்குறைய 30 லட்சம் நம் நாட்டில். வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் தீவிர சிகிச்சை தேவைப்படாது என்பது உண்மையே. தேவைப்பட்ட குழந்தைகளின் தாய்மார் அந்த நாட்களை எப்படிக் கழித்தார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு தாயை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். அவளுக்கு நான் பெயர் சூட்டப் போவதில்லை. அவள் ஒருத்தி அல்ல, பலர். ஊர் சென்னை. 2020 மே மாதம். ஏழு மாதம் முடிகிற சமயத்தில் கால் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். எடை 1 கிலோ 250 கிராம். ஒரு கணம் அவள் முகத்தருகே காட்டி விட்டு உள்ளே கொண்டு போய் விட்டார்கள். ஐந்தாம் நாள், "உங்களுக்கு இனி ஒன்றுமில்லை அம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்று அவளை மட்டும் அனுப்பினார்கள். குழந்தையைப் பார்க்க ஒரு நாளைக்கு ஒருவர், ஒரு தடவை, அரை மணி நேரம். கையில் ஒரு பாஸ் கொடுத்தார்கள்.

இது ஓர் ஆஸ்பத்திரியின் விதி. சில இடங்களில் இதைவிடத் தாராளமாக இருந்தார்கள்; சில இடங்களில் யாருக்குமே அனுமதி இல்லை.

விடிகாலை நாலரை மணிக்கு அவள் எழுந்திருக்கிறாள். அழுது எழுப்பக் குழந்தை இல்லை, அலாரம்தான் எழுப்புகிறது. பால் எடுக்க வேண்டும். மூன்று மணிக்கு ஒரு தரம், ராத்திரியும் பகலுமாக எட்டுத் தடவை எடுத்தால்தான் பால் வற்றாமல் இருக்கும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருக்கிறாள். கடைகள் மூடியிருந்த காலம். பால் எடுக்கும் பம்ப் கிடைக்கவில்லை. கையாலேயே எடுக்கிறாள். முதல் சில நாட்கள் சொட்டுச் சொட்டாகச் சீம்பால் வந்தது, ஒரு தேக்கரண்டி நிறையவில்லை. "இவ்வளவுதானா?" என்று அவளுக்கு அழுகை வந்து விட்டது. அவ்வளவு சிறிய குழந்தைக்கு ஒரு வேளை ஆகாரம் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு மில்லி லிட்டர்தான் என்பதும், அதுவும் மெல்லிய குழாய் வழியாக நேரே வயிற்றுக்குப் போகிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

குழந்தையின் அழுகை கேட்டால் தாய்க்குப் பால் சுரக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இங்கே அழுகைக்கு எங்கே போவது? நர்ஸ் செல்போனில் அனுப்பிய நாற்பது விநாடிப் படம் ஒன்று இருக்கிறது. குழந்தை கொட்டாவி விடுகிறது, காலை உதைக்கிறது, அவ்வளவுதான். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கொண்டே பால் எடுக்கிறாள். இதில் வேடிக்கை ஒன்றுமில்லை. படத்தைப் பார்ப்பதும், குழந்தை படுத்த துணியை முகர்வதும் சுரப்புக்கு உதவும் என்றே வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

சீசாவின் மேல் தேதி, மணி எல்லாம் எழுதி ஒட்ட வேண்டும். பெயரும் எழுத வேண்டும். குழந்தைக்குத்தான் இன்னும் பெயர் இல்லையே. ஆகவே, 'இன்னாரின் குழந்தை' என்று தன் பெயரையே எழுதுகிறாள். கண்ணாடிப் பெட்டியின் மேலும், குழந்தையின் மணிக்கட்டில் சுற்றிய பட்டையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

வெளியில் வைத்தால் பால் சுமார் 4 மணி நேரம் தாங்கும். சென்னையின் கத்திரி வெயிலில் அதையும் நம்புவதற்கில்லை. ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக் கொண்டு புறப்படுகிறாள். ஆட்டோ ஓடவில்லை, பஸ் ஓடவில்லை. கணவரின் ஸ்கூட்டரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் பெட்டியை அணைத்துக் கொள்கிறாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிற்றுத் தையல் சுரீரென்று இழுக்கிறது. வழியில் போலீஸ் தடுப்பு. ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் காட்டினால் விடுகிறார்கள்.

வாசலில் நெற்றிக்கு நேரே ஒரு கருவியைப் பிடித்துச் சூடு பார்க்கிறார்கள். இருமல் உண்டா, சளி உண்டா, வெளியூர் போனதுண்டா என்று நேற்றுக் கேட்ட கேள்விகளுக்கே இன்றும் பதில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். கணவர் அதற்கு மேல் வர முடியாது. வெளியே மரத்தடியில் இன்னும் பல தகப்பன்மார் நிற்கிறார்கள். அவர்களில் சிலர் தங்கள் குழந்தையைச் செல்போனில் மட்டுமே பார்த்தவர்கள். ஒருவர் குழந்தையின் எடை இன்னொருவருக்குத் தெரியும். ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது.

உள்ளே வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மேலங்கி, தொப்பி, முகக் கவசம், வேறு செருப்பு. இதற்கே பத்து நிமிஷம் ஆகி விடுகிறது. அந்தப் பத்து நிமிஷமும் அரை மணியில் சேர்ந்ததுதான்!

பிறகு கண்ணாடிப் பெட்டியின் பக்கத்துத் துவாரத்தின் வழியே கையை விடுகிறாள். உள்ளங்கையளவு முதுகு. பாதத்தில் கட்டிய கருவியில் சிவப்பு வெளிச்சம். மூக்கில் குழாய். அவளுடைய சுண்டு விரலைக் குழந்தை பிடித்துக் கொள்கிறது. அதை விடுவித்துக் கொண்டு எப்படித்தான் திரும்பி வருவது? இத்தனை நாளில் தாயின் முழு முகத்தையும் அது பார்க்கவே இல்லை. ஆனால் குரல் தெரியும்; வயிற்றில் இருந்தபோதே கேட்ட குரல். ஆகவே முகக் கவசத்துக்குள்ளிருந்தே பேசுகிறாள். பக்கத்துப் பெட்டிக்காரி மெதுவாகத் தாலாட்டுப் பாடுகிறாள். நேரமாகி விட்டது என்று நர்ஸ் தோளைத் தொடுகிறாள்.

மாலை ஐந்து மணிக்கு டாக்டர் பேசுவார். நாலு மணியிலிருந்தே போனைக் கையில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்துத்தான் உறவினர்கள் கூப்பிடுவார்கள்!

"இன்றைக்கு என்ன எடை?"

"1 கிலோ 160."

"ஐயையோ, நேற்றைவிடக் குறைவாச்சே! பால் போதவில்லையோ?"

கேட்டவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். ஆனால் அந்த ஒரு கேள்வி அவளை ராத்திரி முழுதும் அழ வைத்து விட்டது. பிறந்த முதல் வாரத்தில் எந்தக் குழந்தையும் சற்று இளைக்கும். குறை மாதக் குழந்தை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இளைக்கும். பழைய எடைக்கு வர இரண்டு வாரம்கூட ஆகலாம். இதை யாராவது அத்தைமார்களுக்கும் சித்திமார்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கக் கூடாதா?

அவளுடைய அம்மா திருநெல்வேலியில் இருக்கிறாள். மகளின் பேறு காலத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவள். ரெயில் இல்லை. ஜில்லா விட்டு ஜில்லா போக இ-பாஸ் வேண்டும். கல்யாணம், மரணம், வைத்திய அவசரம் ஆகிய மூன்றுக்குத்தான் கொடுப்பார்கள். 'மகளுக்குப் பத்தியம் போட' என்று ஒரு கட்டம் அந்த மனுவில் கிடையாது. பிரசவ லேகியம் கிளறுவது எப்படி என்று செல்போனில் முகம் பார்த்துச் சொல்லிக் கொடுத்தாள். இந்த முனையில் கரண்டி பிடித்தவர் மாப்பிள்ளை. 2020 செப்டம்பரில் இ-பாஸ் முறை எடுபட்ட பிறகுதான் இப்படிப்பட்ட பல பாட்டிமார்களுக்கு வழி திறந்தது.

சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கதை சற்று வேறு. அங்கே குழந்தை உள்ளே இருக்கும் வரை தாயும் வளாகத்திலேயே தங்கும் வழக்கம் பல இடங்களில் முன்பே உண்டு. பக்கத்து ஹாலில் கட்டிலோ பாயோ கிடைக்கும். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். போய்ப் பால் எடுத்துப் பாலாடையில் புகட்டி விட்டு வரலாம். நம் பாட்டிமார் வெள்ளியில் வைத்திருந்தார்களே, மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம், அதே பாலாடைதான், ஆஸ்பத்திரியில் எவர்சில்வர். உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்கு அதைவிடச் சௌகரியமான சாதனம் இல்லை. ஆக, பணம் கட்டிய தாயைவிட அந்தத் தாய் குழந்தைக்கு அருகில் இருந்தாள். ஆனால் துணைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பி விட்டார்கள். தையல் போட்ட உடம்போடு வெந்நீர் எடுப்பதும், துணி துவைப்பதும் தானேதான். அடுத்த கட்டில்காரிதான் அக்கா, தங்கை எல்லாம்.

இவர்கள் எல்லோரையும்விடப் பரிதாபத்துக்குரியவர்கள், தொற்றுக் கண்டவர்கள். பிரசவத்துக்கு முன் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் 'இருக்கிறது' என்று வந்து விட்டால், தாய் ஒரு கட்டடம், பிள்ளை ஒரு கட்டடம். அவளுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கலாம். பத்து நாள், பதினாலு நாள் என்று எண்ணிக் கொண்டு கிடந்தாள்.

இது நம் ஊர்ப் பிடிவாதம் என்று எண்ணி விடாதீர்கள். சீனாவில் முதலில் வெளியான யோசனையே, தொற்றுக் கண்ட தாயைக் குழந்தையிடமிருந்து 14 நாள் பிரித்து வைப்பது என்பதுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியும் 2020 ஏப்ரலில் பிரித்து வைக்கச் சொன்னது. ஜூலையில் அதை மாற்றிக் கொண்டு, தாயும் சேயும் ஒரே அறையில் இருக்கலாம் என்றது. உலக சுகாதார ஸ்தாபனம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே, "முகக் கவசம் அணியட்டும், கை கழுவட்டும், பால் கொடுக்கட்டும்" என்ற கட்சி. உலக அளவில் 277 ஆஸ்பத்திரிகளை விசாரித்தபோது, எந்நேரமும் பெற்றோரை உள்ளே விட்ட சிசு வார்டுகள் 83 சதவிகிதத்திலிருந்து 53 சதவிகிதமாகக் குறைந்திருந்தன.

ஆஸ்பத்திரிக்காரர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வந்திருப்பது எப்படிப்பட்ட நோய் என்று ஒருவருக்கும் தெரியாத மாதங்கள் அவை. ஒரு நர்ஸுக்குத் தொற்று வந்தால் அவளோடு வேலை செய்த நாலு பேர் வீட்டில் முடங்க வேண்டும். பெட்டியில் கிடக்கும் குழந்தைகளை யார் பார்ப்பது? உடம்பு முழுதும் மூடிய உடுப்பில், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் மணிக்கணக்கில் நின்றவர்கள் அவர்கள். தங்கள் வீட்டுக் குழந்தைகளைத் தாங்களே வாரக் கணக்கில் பார்க்காதவர்கள். செல்போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, "இதோ பாருங்கள் அம்மா, கண்ணைத் திறக்கிறான்" என்று காட்டிய கைகளும் அவர்களுடையவைதாம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கட்டுப்பாடு வைத்தது தவறே இல்லை. தவறு, தாயைச் சேர்த்த பட்டியலில்தான் இருக்கிறது. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக் கொண்டு வந்து எட்டிப் பார்த்து விட்டுப் போகிற மாமாவும் 'பார்வையாளர்', பத்து மாதச் சுமையை ஏழு மாதத்தில் இறக்கி வைத்தவளும் 'பார்வையாளர்' என்றால் எப்படி?

பழைய காலத்தில் இன்னும் விநோதம் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கோனி தீவு என்ற கேளிக்கை ஸ்தலத்தில் 1903 முதல் 1943 வரை குறை மாதக் குழந்தைகளை இன்குபேட்டர்களில் வைத்துக் காட்சியாக நடத்தினார் மார்ட்டின் கூனி என்பவர். 25 சென்ட் கொடுத்தால் ஊரார் யாரும் பார்க்கலாம். அந்த வசூலில்தான் குழந்தைகளுக்குச் சிகிச்சை நடந்தது; பெற்றோரிடம் அவர் காசு வாங்கவில்லை. குழந்தைகள் பல பிழைத்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெட்டியைவிடத் தாயின் மார்பு மேல் என்பதை உலகத்துக்குக் காட்டியது கொலம்பியாவின் தலைநகரான பொகோடா. 1970-களின் கடைசியில் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர்கள் போதவில்லை. எட்கார் ரே என்ற டாக்டரும் ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற டாக்டரும், குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திக் கட்டி வைக்கச் சொன்னார்கள். கங்காரு தன் குட்டியை வைத்துக் கொள்வதுபோல. அதே காலத்தில் எஸ்டோனியாவின் தாலின் நகரில், நர்ஸ்கள் போதாமல் தாய்மாரையே இரவும் பகலும் குழந்தையுடன் இருக்க விட்டார்கள். இரண்டுமே இல்லாமையால் பிறந்த வழிகள்!

ஆனாலும் வெகு காலம், 'குழந்தை தேறிய பிறகுதான் கங்காரு முறை' என்றே வைத்திருந்தார்கள். பிறந்தவுடனேயே ஆரம்பித்தால் என்ன என்று உலக சுகாதார ஸ்தாபனம் பரீட்சித்துப் பார்த்தது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய 5 நாடுகளில் நாட்டுக்கு ஓர் ஆஸ்பத்திரி. இந்தியாவில் டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. 1 கிலோவுக்கும் 1 கிலோ 800 கிராமுக்கும் இடைப்பட்ட 3,211 குழந்தைகள். சிசு வார்டிலேயே தாய்க்கும் ஒரு கட்டில் போட்டார்கள். தினம் சுமார் 17 மணி நேரம் தாயின் மார்பிலோ அவளுக்குப் பதிலாள் ஒருத்தியின் மார்பிலோ இருந்த குழந்தைகளில், 28 நாளுக்குள் இறந்தவை ஆயிரத்துக்கு 120. பழைய முறையில் 157. கிருமித் தொற்று என்று சந்தேகிக்கப்பட்ட குழந்தைகளும் தாயோடு இருந்தவர்களில் குறைவு. தொற்று வரும் என்றுதானே தாயை வெளியே நிறுத்தினோம்?

பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் பரீட்சையை இடையிலேயே நிறுத்தினார்கள். நிறுத்தியது எப்போது தெரியுமா? 2020 ஜனவரியில். இரண்டே மாதத்தில் உலகமெங்கும் கதவுகள் சாத்தப்பட்டன. முடிவுகள் 2021 மே மாதம் பத்திரிகையில் வெளிவந்தபோது, இங்கே இரண்டாவது அலை வீசிக் கொண்டிருந்தது. அதே வருஷம் மார்ச்சில் வெளியான இன்னொரு கணக்கும் உண்டு. ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் கங்காரு முறை எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்தால் 1,25,000-க்கும் அதிகமான சிசுக்கள் பிழைக்கும். தாயோடு இருப்பதனால் கொரோனா கண்டு இறக்கக் கூடியவை 2,000-க்கும் குறைவு.

2022 நவம்பரில், குறை மாதக் குழந்தையைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் புதிய விதி எழுதியது. மூச்சுத் திணறி மெஷினில் இருக்கும் குழந்தைக்கு இது பொருந்தாது. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நம் மத்திய சர்க்காரோ, கொள்ளை நோய்க்கு முன்பே, 2017-இல், சிசு வார்டுகளில் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பராமரிப்பில் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்று வழிமுறை வெளியிட்டிருக்கிறது. கொரோனா அவசர நிலை 2023 மே மாதம் 5-ஆம் தேதி முடிந்ததாக அறிவித்தார்கள். ஆனால் ஒரு சௌகரியத்துக்காக வைத்த விதி, காரணம் போன பிறகும் தானாகப் போய் விடுவதில்லை.

ஆகையால் உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், அட்வான்ஸ் எவ்வளவு என்று விசாரிக்கும்போதே இதையும் கேட்டு விடுங்கள்: தாய் எத்தனை மணி நேரம் உள்ளே இருக்கலாம்? எப்போதிலிருந்து மார்போடு வைத்துக் கொள்ள விடுவீர்கள்? பால் எடுக்க ஒரு மறைவான இடம் உண்டா? கேட்பதற்குத் தயங்க வேண்டாம். தாய்க்கு முடியாத நேரத்தில் தகப்பனாரும், ஏன், பாட்டியும்கூடக் குழந்தையை மார்பில் வைத்துக் கொள்ளலாம். மீசைக்காரர்கள் வெட்கப்படுவார்கள், இரண்டு நாளில் சரியாகி விடும். உறவினராக இருந்தால், தயவு செய்து எடையைக் கேட்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் எடுக்க எழுந்திருக்கிறாளே, அவளுக்கு ஒரு தம்ளர் சூடான பால் ஆற்றிக் கொடுங்கள்.

நம்முடைய தாய்க்கு அந்த நாள் ஐம்பத்து மூன்றாம் நாள் வந்தது. ஜூலை மாதத்து ஞாயிற்றுக் கிழமை. தளர்வு இல்லாத ஊரடங்கு. தெருவில் ஓர் ஈ காக்கை இல்லை. குழந்தை 1 கிலோ 900 கிராம். வாசலில் ஆரத்தி எடுக்க யாரும் இல்லாமல், எதிர் வீட்டு மாமி தன் வீட்டு வாசலில் நின்றபடியே கற்பூரம் காட்டினாள். உள்ளே வந்ததும் முதல் காரியமாக, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, தாய் தன் முகக் கவசத்தைக் கழற்றினாள். குழந்தை வெகு நேரம் அந்த முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தது. அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. ஆஸ்பத்திரியில் 'பீப் பீப்' என்று ஒரு கருவி மூச்சை எண்ணிக் கொண்டிருந்தது; இங்கே யார் எண்ணுவது? விளக்கை அணைக்காமல், கையைக் குழந்தையின் முதுகில் வைத்துக் கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டுப் பட்டையை மறு நாள் காலையில்தான் கணவர் கத்தரித்து எடுத்தார். அதற்குள் திருநெல்வேலியிலிருந்து செல்போன் மணி அடித்தது. பாட்டிக்குக் குழந்தையின் அழுகையைக் கேட்க வேண்டுமாம்.